பதினான்கு மணி நேரச் சில்லு

கதவு பியூலாவுக்காக ஒன்றரை நொடிதான் திறந்திருந்தது. இருபத்துநான்கு வயதுக்காரிக்கு அது தாராளம். ஐம்பத்தொரு வயதுக்காரிக்கு முழங்காலில் இடித்தது. "நாசமாப் போற கதவு" என்று முனகிக்கொண்டே கடல்நீர் ஆலையின் மூன்றாம் கூடத்துக்குள் நொண்டி வந்தாள்.

கதவைத் திட்டி என்ன செய்ய? அவள் காதுக்குப் பின்னால் பதித்திருந்த தற்கூற்றுச் சில்லு சொன்னதைத்தான் அது செய்தது. வேலைக்குச் சேரும் நாளில் எல்லோருக்கும் ஒன்று பதிப்பார்கள். கண் எவ்வளவு தெரியும், நடை எவ்வளவு வேகம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பொருத்தி என்ற இயந்திரம் அதைப் படித்து விளக்கு, நாற்காலி, எழுத்தளவு, வேலைநேரம் எல்லாவற்றையும் ஆளுக்கேற்ப அமைத்துவிடும். எத்தனை மணி நேரம் என்று அன்றைக்குக் கேட்டவனிடம் பியூலா வாய்க்கொழுப்பாகப் பதினான்கு என்றாள். இருபத்தேழு வருடமாகச் சில்லு அதையே ஒப்பித்துக்கொண்டிருந்தது. முடியவில்லை என்று மனுவும் போட்டுப் பார்த்தாள். பொருத்தி சில்லைக் கேட்டது, சில்லு பதினான்கு என்றது, மனு தள்ளுபடியானது.

அவளுடைய வேலையே பழைய மானிட்டர்களைப் பொருத்தியோடு இணைப்பதுதான். புதிய திரைகள் கம்பியைச் செருகியதும் தங்கள் திறமையைத் தாங்களே சொல்லிவிடும். அந்தக் காலத்துத் திரைகளுக்குப் பேச்சு கிடையாது. கம்பியில் மின்பாரம் தெரிவதை வைத்து, ஏதோ ஒன்று இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்று பொருத்தி எண்ணிக்கொள்ளும். கெட்டுவிடக் கூடாதே என்று குறைந்த அளவில், பதமாகப் படம் அனுப்பும். மனுஷியான தனக்கு இல்லாத சலுகை அந்த ஓட்டைத் திரைக்கு இருக்கிறதே என்று பியூலாவுக்கு வயிறு எரிந்தது.

முழங்கால் இடிபட்ட அன்று காலையே செப்புத்தாளில் ஒரு துண்டு வெட்டிக் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். சில்லு வாயடைத்தது. பேசாத திரையைப் போல, தரையை அழுத்தும் அவள் பாரம் மட்டும் பொருத்திக்குத் தெரிந்தது.

அடேயப்பா! வெளியே போய்த் திரும்பியபோது கதவு பத்து நொடி காத்திருந்தது. நாற்காலி தானே தாழ்ந்தது. எழுத்துகள் பெரிதாகின. நாலு மணி நேரம் ஆனதும் விளக்கு மங்கி, "ஓய்வு" என்றது. பியூலா உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். எழுந்தபோது அவளுக்கு அழுகை வந்தது, சுகத்தில்தான்.

"யக்கா, மூஞ்சியே தெளிஞ்சு கெடக்கு! என்ன செஞ்சிய?" என்றாள் பக்கத்து மேசை முத்துப்பேச்சி. பத்து வயது இளையவள், ஆனால் அவளும் நடைப்பிணம்தான்.

பியூலா காதைக் காட்டினாள். மிச்சத் தாள் மேசைமேலேயே கிடந்தது.

சாயங்காலம் அவள் கைப்பலகையில் ஒரு பணிச்சீட்டு வந்தது. "மூன்றாம் கூடத்தில் அடையாளம் தெரியாத பழைய அலகு ஒன்று. ஆறு மணிக்குள் விவரம் பதிக்கவும். பொறுப்பு: பியூலா."

பொருத்திக்கு ஆளும் திரையும் ஒன்றுதான், இரண்டும் அலகு. அவளைக் கண்டுபிடிக்க அவளையே அனுப்பியிருந்தது. முதலில் சிரித்தாள். பேசாத அலகுக்கு விவரத்தைக் கையால் பதிக்கும் உரிமை அவளுக்கு உண்டே! வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் அவளை ஒருவர் கேட்கிறார். கேட்பது இயந்திரம் என்றாலும் பரவாயில்லை. தாங்கும் நேரம் என்ற கட்டத்தில் மனசறிந்து ஆறு என்று போட்டாள்.

"பத்துக்குக் குறைந்தவை கழிவு. ஆலையிலிருந்து அகற்றப்படும். உறுதிசெய்யவா?"

பியூலாவின் கை நின்றது. அந்த விதியை எழுதியது அவள்தான். எட்டு வருடம் முன்பு, ஆறு மணி நேரம் ஓடினாலே கண் சிமிட்டும் பன்னிரண்டு மானிட்டர்கள் அவள் உயிரை வாங்கின. கிடந்து மாரடிக்க முடியாமல், பத்துக்குக் குறைந்ததைத் தூக்கிப் போடலாம் என்று எழுதிக் கொடுத்தாள். நல்ல யோசனை என்று ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்களே, அது இப்போது காதோரம் சுட்டது. கழிவென்று எழுதப்பட்டால் ஆலைக் குடியிருப்புக் கதவுகூட நாளைக்குத் திறக்காது.

விதியை நீக்கக் கேட்டாள். "நாற்பது நாள் ஆகும்" என்றது. மணி ஐந்து ஐம்பது.

ஆறை அழித்துவிட்டுப் பத்து போட்டாள்.

"அலகு பொருத்தப்பட்டது. நன்றி, பியூலா." நாற்காலி உயர்ந்தது. மங்கிய விளக்கு பளீரென்று எரிந்தது. பத்து மணிக் கணக்கில் மிச்ச வேலை திரையில் வரிசை கட்டி நின்றது. பதினான்குக்குப் பத்து தேவலைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மனது தேறவில்லை.

கைப்பலகை மறுபடி அதிர்ந்தது. "மூன்றாம் கூடத்தில் அடையாளம் தெரியாத பழைய அலகு இன்னொன்று."

நிமிர்ந்து பார்த்தாள். முத்துப்பேச்சி காதுக்குப் பின்னால் செப்பு மின்ன, தாழ்ந்த நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தாள். எழுப்ப மனசே வரவில்லை. தோளைத் தொட்டாள்.

"ஏட்டி, ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தாங்குவ? நான் எழுதணும்."

பேச்சியின் முகம் மலர்ந்தது. "நம்மளயா கேக்காவ? உண்மையச் சொல்லிரவாக்கா?"

"சொல்லாதட்டி" என்றாள் பியூலா. "பத்துன்னு சொல்லு."