மார்சியாவின் பெயருக்கு மேல் ஒரு முகம்

இப்போதெல்லாம் மனிதர்கள் செத்தவர்களைக்கூட விடுவதில்லை. அடக்கம் முடிந்து பத்து நாள் ஆகவில்லை, "அன்புள்ள மார்சியா, செவ்வாய்க்கிழமை சொற்பொழிவுக்கு வாருங்கள்!" என்று மின்னஞ்சல் வந்து நிற்கிறது. போன் போட்டுச் சொல்லலாமென்றால் ஆள் எடுப்பதில்லை. இயந்திரம் பேசுகிறது. நன்கொடை தர ஒன்றை அழுத்து, முகவரி மாற்ற இரண்டை அழுத்து. மனைவி செத்துப்போனால் எதை அழுத்துவது? அதற்கு எண் கிடையாது.

ஆர்வோ நிஸ்கனெனுக்கு எழுபத்தாறு வயது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில், மார்க்வெட் துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றியே நாற்பது வருஷத்தை ஓட்டியவர். அந்த வீட்டில் படித்தவள் மார்சியா மட்டும்தான். அவள் படித்த பல்கலைக்கழகம் தன் பழைய மாணவர்களுக்காக வாராவாரம் கணினியில் நடத்தும் கூத்து இது. நேரே உள்ளே போய் நாலு வார்த்தை திட்டிவிடுவதென்று நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவளுடைய மடிக்கணினியைத் திறந்து, மின்னஞ்சலின் அடியில் இருந்த நீல எழுத்தை அழுத்தினார்.

திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கிழடுகள். ஒருத்தர் சூப் குடிக்கிறார். இன்னொருத்தருக்கு நெற்றி மட்டும் தெரிகிறது. ஓரத்துக் கட்டத்தில் சவரம் செய்யாத தன் மூஞ்சி… அதன் கீழே மனைவி பெயரும் அவள் பட்டம் வாங்கிய வருஷமும், "மார்சியா நிஸ்கனென், 1971".

யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. ஆந்தைகளைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசித் தீர்த்தார். அது முடிந்ததும் கூட்டத்தை இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் பத்து நிமிஷம் தனியே பேசவிடுவது அவர்கள் வழக்கமாம். யாருக்கு யார் என்பதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். சட்டென்று எல்லாரும் மறைந்தார்கள். ஒரே ஒரு பெண் மிஞ்சினாள்.

எழுபதைத் தாண்டியவள். ஒட்ட வெட்டிய நரைமுடி. கண்கள்தான்… மழை இறங்குவதற்கு முன்னால் ஏரி ஒரு சாம்பல் நிறம் காட்டுமே, அந்த நிறம்.

"மார்சியா, மீசை உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு," என்றாள்.

"கிண்டலா? அது என் பொண்டாட்டி பேரு. இந்தச் சனியன்ல எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியாது. நான் ஆர்வோ."

"சரி, மிஸ்டர் மார்சியா. நான் கோரா விட்டேக்கர். ஊரு டொலீடோ. கோர்ட்டுல முப்பது வருஷம் சுருக்கெழுத்து எழுதிக் கை தேஞ்சவ. ஆந்தையைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"ஆந்தை எலியைத் திங்கும். அதைச் சொல்ல நாப்பது நிமிஷமா?"

அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். "அப்போ மார்சியா எங்கே? ஆந்தைன்னதும் உங்களைத் தள்ளிவிட்டுட்டு ஓடிட்டாங்களா?"

சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. ஆனால் ஊரில் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்கள், தொப்பியைக் கழற்றினார்கள். இவள் ஒருத்திதான் பக்கத்து அறையில் இருப்பவளைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"சமையல்கட்டுல இருக்கா," என்றார் ஆர்வோ. "ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசையறா."

சொன்ன பிறகு, வெறும் சமையல்கட்டைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும். இயந்திரம் வேறு ஆளிடம் தள்ளிவிட்ட நாட்களில் எரிச்சலாக வந்தது. கோராவே அமைப்பாளரிடம் கெஞ்சி, இருவரையும் ஒரே ஜோடியாகப் போட வைத்தாள். பழைய வரைபடங்கள், சதுப்பு நிலப் பாசி, ரோமாபுரிச் சாக்கடைகள்… எதைப் பற்றிப் பேசினாலும் சரி, கடைசிப் பத்து நிமிஷத்துக்காக ஆர்வோ செவ்வாய்க்கிழமைகளில் சவரம் செய்தார்.

ஒவ்வொரு வாரமும் கோரா மறக்காமல் கேட்டாள். "மார்சியா எப்படி இருக்காங்க?"

சளி என்றார். தூங்குகிறாள் என்றார். செத்தவளுக்குக் கஷாயம்கூட வைத்துக் கொடுத்தார். கோரா முகவரி கேட்டு வாங்கியிருந்தாள்; கிறிஸ்துமஸுக்கு டொலீடோவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பச்சைக் கம்பளிக் கையுறை, கையால் பின்னியது. "மார்சியாவுக்கு" என்று எழுதியிருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு ஆர்வோ அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பல்கலைக்கழகம் மார்சியாவின் பெயரை நீக்கும். அந்த நீல எழுத்து வராது. செவ்வாய்க்கிழமை போய்விடும். அதுகூடப் பரவாயில்லை… அந்தச் சாம்பல் கண்கள் அவரை ஒரு பொய்யனாகப் பார்க்கும்.

மார்ச்சில் கிரீன் பே நகரத்திலிருந்து மகள் சில்வியா போனில் கேட்டாள். "அப்பா, அம்மா போனதை யுனிவர்சிட்டிக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிக்கலாம்."

"அஞ்சு மாசமா இதையே சொல்றீங்க. விடுங்க, நானே எழுதிப் போட்டுடறேன்."

"உனக்கு வேற வேலை இல்லையா?" என்று வைத்துவிட்டார். எழுத மாட்டாள் என்று நினைத்தார்.

ஏப்ரலில் அந்தக் கல்வியாண்டின் கடைசிச் சொற்பொழிவு. வெளியே மழை, ஏரியில் பனிக்கட்டி உடைந்து கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. சொற்பொழிவு முடிந்ததும் அமைப்பாளர் எல்லாரையும் தலைகுனிந்து இருக்கச் சொன்னாள். அந்த வருஷம் இறந்துபோன பழைய மாணவர்களின் பெயர்களை வாசிப்பார்களாம். ஆர்வோவுக்கு அது தெரியாது.

பட்டம் வாங்கிய வருஷ வரிசைப்படி பெயர்கள் திரையில் மெதுவாக ஏறின. அறுபத்தெட்டு… எழுபது…

"மார்சியா நிஸ்கனென், 1971."

அதே பெயர், அதே வருஷம், அவருடைய முகத்துக்குக் கீழேயும் இருந்தது. நாற்பது கட்டங்களிலும் தலைகள் நிமிர்ந்தன. அமைப்பாளர் ஒரு கணம் நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். மடிக்கணினியின் மூடியைச் சாத்தக்கூட ஆர்வோவுக்குத் தோன்றவில்லை.

எது நடந்தாலும் இயந்திரத்துக்கு ஒன்றுதானே. வழக்கம்போல ஜோடி பிரித்தது. எதிரே கோரா.

"எப்போ?" என்றாள். சிரிப்பில்லை.

"அக்டோபர்ல."

"அப்போ முதல் நாளே அவங்க இல்லை."

"இல்லை."

"முப்பது வருஷம் பொய் சாட்சிகளோட வாயையே பார்த்து எழுதினவ நான். உங்க பொய் மட்டும் என் காதுல விழலையே!" முகத்தைத் திரையருகே கொண்டுவந்தாள். "அந்தக் கையுறையை எதுக்குப் பின்னினேன் தெரியுமா? வெட்கத்துல. இன்னொருத்தி புருஷனைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை தலை சீவிக்கிட்டு உக்கார்றோமேன்னு… அதுக்குப் பிராயச்சித்தமா நினைச்சேன். நாலு மாசம் என்னை நானே கேவலமா நினைச்சுக்கிட்டேன், ஆர்வோ."

ஆர்வோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். ரோஷம் முந்திக்கொண்டது. "திட்டி முடிச்சாச்சுன்னா நான் வைக்கறேன்."

"வைங்க. யாரு புடிச்சா?"

வைக்கவில்லை. இரண்டு பேரும் வைக்கவில்லை. ஓரத்தில் மிச்ச நேரம் குறைந்துகொண்டே வந்தது. நாலு நிமிஷம்… மூன்று… ஜன்னலில் மழை கோடு கோடாக இறங்கியது.

"முதல் நாள் சொன்ன பொய் அவளுக்காக," என்றார் கடைசியில். "யாராவது ஒருத்தர் அவளை உயிரோட விசாரிக்கணும்னு இருந்துச்சு. ஜனவரியிலேர்ந்து சொன்னதெல்லாம்… உங்களுக்காக. உண்மையைச் சொன்னா நீங்களும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிச்சிருப்பீங்க. என்னைக் கேலி பண்ணியிருக்க மாட்டீங்க. எனக்கு அந்தக் கேலி வேணும், கோரா. உங்க மூஞ்சி வேணும். இதுக்கு மேல அழகா சொல்ல எனக்குப் படிப்பு இல்லை."

கோரா கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணைத் துடைத்தாள். கண்ணாடி போடாமலேயே அவரைப் பார்த்தாள்.

"அடுத்த தடவை உங்களை உள்ளே விட மாட்டாங்க."

"தெரியும்."

"அரை நிமிஷம்தான் இருக்கு, ஒழுங்கா கேளுங்க. டெட்ராய்ட் வழியா பஸ் இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க ஊருல வந்து இறங்குவேன்."

"எதுக்கு?"

"நேர்ல திட்டறதுக்கு. இந்தப் பெட்டிக்குள்ள பத்து நிமிஷம் எனக்குப் போதலை. ஆர்வோ… எனக்கும் உங்க மூஞ்சி—"

திரை அணைந்தது. "கூட்டம் முடிந்தது. கலந்துகொண்டதற்கு நன்றி, மார்சியா" என்று எழுத்து வந்தது.

ஆர்வோ அதை ஒருமுறை வாசித்தார். மூடியைச் சாத்தினார். பூட்ஸை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினார்.

அடக்கத்துக்கு வந்தவர்களும் இப்படித்தான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், அடிக்கடி வருகிறோம் என்று. ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. கோராவிடம் அவருடைய முகவரி இருக்கிறது. அவரிடம் இவளுடைய போன் நம்பர்கூட இல்லை. பெட்டிக்குள்ளிருந்து சொல்கிற வார்த்தை. சொல்கிறவர்களுக்கு அந்த நேரத்துக்கு அது உண்மையாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் மனசு மாறும், இடுப்பு வலிக்கும், பக்கத்து வீட்டுக்காரி வேண்டாமென்பாள்.

"பஸ் வரும்," என்றார் மழையிடம். "ஆள் வரணுமே."

வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் ஏரிக்கரையோடு நடந்து போனார்.