தெத்துப்பல் தூதர்

கதவைத் திறந்த பெண்மணி வந்தவரை உள்ளே அழைக்கவில்லை.

"கொஞ்சம் சிரிங்க, பாக்கலாம்" என்றார்.

தெய்வசிகாமணி சிரித்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்பது. கையில் ஒரு கறுப்பு உறை வைத்திருந்தார். அந்தப் பெண்மணியின் அண்ணன் அன்று காலை நிலவுச் சுரங்கத்தில் இறந்துபோன செய்தி அதற்குள் இருந்தது. செய்தியைச் சொல்வதற்கு முன்னால் பல் வரிசை முழுவதும் தெரியச் சிரித்துக் காட்டுவது அப்போது கோயம்புத்தூரில் சாதாரண வழக்கம். சாவுச் செய்தியை மனிதர்தான் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தது. வந்திருப்பவர் மனிதர்தானா என்று சோதித்துக்கொள்வது வீட்டாரின் உரிமை.

பெண்மணி எக்கி நின்று அவர் வாய்க்குள் பார்த்தார். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் அச்சில் வார்த்தது போல இருந்தன.

"இயந்தனையா அனுப்பியிருக்காங்க? சாவு விழுந்த வீட்டுக்கு?"

கதவு சாத்தப்பட்டது. தெய்வசிகாமணி கலங்கவில்லை. சாத்திய கதவைப் பார்த்தே சட்டப்படியான வாசகத்தை வாசித்து முடித்தார். உறையைக் கதவிடுக்கில் செருகினார். மணிக்கட்டின் தோலில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

இயந்தன் என்பது மனித உருவில் செய்த இயந்திரத்துக்கு மக்கள் வைத்த பெயர். மரியாதை தெரிந்தவர்கள் இயந்தர் என்பார்கள். தோல், முடி, குரல், கொட்டாவி என்று எதை வைத்தும் அவர்களை மனிதர்களிடமிருந்து பிரிக்க முடியவில்லை. பல்லை வைத்துப் பிரித்திருக்கலாம். ஆனால் தொழிற்சாலைகள் இயந்தர்களுக்குக் குறையில்லாத பல்வரிசை வைத்த அதே காலத்தில், தாய்மார்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அதையே ஆசைப்பட்டார்கள். கரு உருவான மூன்றாம் மாதம் ஒரே ஓர் ஊசி. பிறக்கும் பிள்ளையின் தாடையும் பல்லும் தாமாகவே வரிசையில் நின்றன. இதற்குக் கருத்திருத்தம் என்று பெயர். தெய்வசிகாமணியின் அம்மா அந்த ஊசியை வரிசையில் முதல் ஆளாக நின்று போட்டுக்கொண்டவர். மகன் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். அவனைப் பிற்காலத்தில் ஊரே இயந்திரம் என்று விரட்டும் என்று அவர் கண்டாரா என்ன?

உடம்பில் பதித்த அடையாளச் சில்லை யாரும் நம்பவில்லை. சில்லைப் போலியாகச் செய்துவிடலாம். கோணல் பல்லைச் செய்ய எந்தத் தொழிற்சாலை மெனக்கெடும்? அதனால் கோணல் பல் இருந்தால் மனிதர், இல்லாவிட்டால் சந்தேகம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

துக்கத் தூதர் இலாகாவின் மேலாளர் சவுடேஸ்வரி அம்மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருடைய முன்பற்கள் இரண்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. அம்மா வயிற்றில் இருந்தபோது ஊசி போடும் நாளை யாரோ மறந்துபோனதன் பலன்.

"சிகாமணி, இந்த மாசம் பதினோரு வீட்ல உங்க மூஞ்சில கதவச் சாத்தியிருக்காங்க" என்றார். "பல்லக் கோணலாக்கறதுக்குக் கம்பி கட்டுங்க. இல்லீனா ஆவணக் கிடங்குக்கு மாத்தறதத் தவிர எனக்கு வேற வழி இல்லீங்க."

ஆவணக் கிடங்கில் வேலை செய்வோர் எல்லாரும் இயந்தர்கள். அங்கே போனால் ஊர் சந்தேகப்படுவதை இலாகாவே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

வீட்டில் சொன்னபோது மனைவி கலாமணி சிரித்த சிரிப்பில் தோசை கருகியது.

"ஏனுங்க, பேரன் பேத்தி எடுக்கற வயசுல பல்லுக்குக் கம்பியா? கட்டறதுதான் கட்டறீங்க, கலர் கம்பியாக் கட்டிக்கோங்க. எனக்கும் பொழுது போகும்."

கோணல் நிலையத்தின் மருத்துவர் யாழரசிக்கு முப்பது வயதுகூட இருக்காது. பேசும்போது அவர் கண் திரையை விட்டு நகரவில்லை.

"எத்துப்பல்லா, தெத்துப்பல்லா, சந்துப்பல்லாங்க?"

"பாத்தா நல்ல குடும்பத்து ஆளாத் தெரியோணுமுங்க."

"அப்பத் தெத்துப்பல்தான். கோரைப்பல் ஒண்ண மட்டும் மேல ஏத்தி, பக்கத்துப் பல்லு தோள்ல சாச்சு வெச்சிரலாம். பதினாலு மாசம் ஆகும்."

அவர் கட்டியது முறுக்குக்கம்பி. யாரும் திருகத் தேவையில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அது தானாகவே இறுகும். பல்லின் வேரில் எழும் வலியை அளந்து, போதும் என்று தெரிந்ததும் நின்றுகொள்ளும்.

"மரத்துப்போறதுக்கு ஊசி கீசி ஏதாச்சும்?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"போட்டா கம்பிக்கு எங்க நிறுத்தறதுன்னு தெரியாதுங்க. தாடை கழண்டுரும். பரவால்லீங்களா?"

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.

முதல் வாரம் கஞ்சியில் போனது. இரண்டாம் வாரம் கீரை சாப்பிட்டுப் பார்த்தார். கம்பியில் சுற்றிக்கொண்ட கீரையை எடுக்கக் கலாமணி தையல் ஊசியோடு வந்ததும், கீரையே வேண்டாம் என்று விட்டுவிட்டார். அலுவலகத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே கம்பிக்காரர்கள். கூட்டம் நடக்கும்போது யாருடைய கம்பியாவது இறுகினால் அந்த மூலையிலிருந்து ஒரு முனகல் எழும். மேலாளர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு தீர்மானத்தை நிறைவேற்றிவிடுவார்.

கம்பி கட்டியபின் அவர் போன முதல் வீடு சிங்காநல்லூரில் இருந்தது. ரங்கநாயகி என்ற அம்மாள் கதவைத் திறந்தார். அவருடைய கணவர் விண்நிலையத்தில் குழாய் பழுது பார்ப்பவர். முந்தின நாள் இறந்திருந்தார்.

"சிரிங்க" என்றார் அம்மாள். அவர் சிரித்தார். "இதென்னங்க, வாய்க்குள்ள இரும்பு?"

"கம்பிங்கம்மா. பல்லக் கோணலாக்கிட்டு இருக்கறேன்."

எந்த இயந்தனும் இப்படி ஒரு கிறுக்குத்தனம் செய்யமாட்டான் என்று அம்மாளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வழிவிட்டார்.

சட்ட வாசகத்தை நாற்பது நொடியில் சொல்லி முடிப்பவர் என்று தெய்வசிகாமணிக்கு இலாகாவில் பெயர். நின்றபடி சொல்லுவார், கைரேகை வாங்குவார், போய்விடுவார். அன்றும் அப்படித்தான் தொடங்கினார். "தங்கள் கணவர்..." என்ற இடத்தில் கம்பி இறுகியது.

மண்டைக்குள் ஆணி இறங்கியது போலிருந்தது. அடுத்த சொல் வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. நிற்க முடியாமல் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாள் அவர் முகத்தையே பார்த்தார். "போயிட்டாருங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார். அம்மாளும் எதிரில் உட்கார்ந்தார். ஒருவருக்குப் பேச முடியவில்லை, மற்றவருக்குப் பேச எதுவும் இல்லை. பிறகு அம்மாள் தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"லீவுக்கு வர்றப்பெல்லாம் தக்காளி விதை வாங்கிட்டுப் போவாருங்க. அங்க மொளைக்குதான்னு பாக்கோணும்பாரு. ஒருக்காலும் மொளைக்கல. மொளைச்சிருச்சுன்னு பொய் சொல்லுவாரு. நானும் எத்தன காய்ன்னு கேப்பேன்."

தெய்வசிகாமணி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்பதைத் தவிர அவரால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. அம்மாளின் தங்கை வந்து சேரும்வரை அங்கேயே இருந்தார்.

அடுத்த வாரம் இலாகாவுக்கு ஒரு கடிதம் வந்தது. எங்களோடு சேர்ந்து அழுத அலுவலருக்கு நன்றி என்று அதில் எழுதியிருந்தது.

"எனக்குப் பல்லு வலியில கண்ணு கலங்குச்சு கலா" என்றார் மனைவியிடம்.

"அத வெளிய சொல்லிப் போடாதீங்க" என்றார் கலாமணி.

பதினான்கு மாதமும் இப்படியே நடந்தது. ஒருமுறை இறுகிய வலி தணிவதற்குள் கம்பி அடுத்தமுறை இறுகியது. போன வீடுகளில் எல்லாம் மெதுவாகப் பேசினார், பாதியில் நின்றார், உட்கார்ந்தார், கண் கலங்கினார். கடிதங்கள் வந்து குவிந்தன. சவுடேஸ்வரி அம்மா அவரைக் கூப்பிட்டு, "உங்களுக்குள்ள இப்பிடி ஒரு மனுஷன் ஒளிஞ்சிருந்தது தெரியாமப் போச்சே" என்று பாராட்டினார். எல்லாம் வளர்ந்துகொண்டிருக்கும் தெத்துப்பல்லின் மகிமை என்று தெய்வசிகாமணியும் நம்பினார்.

கம்பி கழன்ற அன்று கண்ணாடியை விட்டு நகர அவருக்கு மனம் வரவில்லை. மருத்துவர் சொன்னபடியே கோரைப்பல் பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்து ஒய்யாரமாக நின்றது.

"பொண்ணு பாக்க வந்தப்ப இப்பிடி இருந்திருந்தீங்கன்னா அன்னிக்கே சரின்னு சொல்லியிருப்பேன்" என்றார் கலாமணி. "மூணு நாள் யோசிச்சிருக்க மாட்டேன்."

அதன் பிறகு ஒரு வீட்டிலும் கதவு சாத்தப்படவில்லை. அவர் சிரித்ததும் வழி விட்டார்கள். வலி போய்விட்டதால் நாக்கும் பழையபடி புரண்டது. நின்றபடி சொன்னார், கைரேகை வாங்கினார், கிளம்பினார். நாற்பது நொடி முப்பத்தாறாகக் குறைந்தது.

மூன்றாவது மாதம் சவுடேஸ்வரி அம்மா மறுபடியும் கூப்பிட்டார். மேசையில் கடிதக் கட்டு ஒன்று இருந்தது.

"சட்டத்தத் திருத்திட்டாங்க சிகாமணி. இனிமே மனுஷன் வரோணுமா, இயந்தர் வரோணுமான்னு வீட்டுக்காரங்களே சொல்லலாமாம். இதக் கேளுங்க." ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தார். "'வந்தவர் மனிதர்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா இறந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டைப் பார்த்தார். அம்மா அழத் தொடங்குவதற்குள் கைரேகை கேட்டார். இப்படிச் செய்ய மனிதரால்தான் முடியும். பக்கத்து வீட்டுக்கு வேறு வேலையாக வந்திருந்த இயந்தர் சத்தம் கேட்டு ஓடிவந்து, சாயங்காலம்வரை எங்களோடு இருந்தார். எங்கள் வீட்டுக்கு இனி அவரையே அனுப்பவும்.'"

தெய்வசிகாமணி மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். "பல்லு நல்லாத்தானுங்களே இருக்குது?"

"பல்லுல ஒரு கொறையும் இல்லீங்க. போற வீட்ல ஒரு பத்து நிமிஷம் சும்மா உக்காந்துட்டு வரக் கூடாதுங்களா?"

சும்மா உட்காருவதா? எதற்கு? அலுவலகத்தை விட்டு இறங்கி, பேருந்து நிறுத்தத்தில் நின்று, அவர் இதை நிறைய யோசித்தார். எந்த வீட்டில் உட்கார்ந்தோம், ஏன் உட்கார்ந்தோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். காரணம் பிடிபட்டுவிட்டது. வந்த பேருந்தை விட்டுவிட்டுக் கோணல் நிலையத்துக்கு நடந்தார்.

"மறுக்காக் கம்பி கட்டோணுமுங்க."

யாழரசி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பல்லு அம்சமாக் கோணியிருக்கு. இன்னும் எதுக்குங்க?"

"கோணல் வேண்டாங்க. வலி மட்டும் இருந்தாப் போதும்."

"துக்க இலாகாங்களா? உங்களுக்கு முன்னால உங்க ஆளுங்களே எட்டுப் பேரு இருக்காங்க. அப்பிடி உக்காருங்க."

காத்திருக்கும் அறையில் எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு தரம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெய்வசிகாமணிக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த எட்டுப் பேரில் சேராத ஓர் அம்மாள் இருந்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார்.

அவரிடம் என்ன ஏது என்று கேட்க வேண்டும் என்று தெய்வசிகாமணிக்குத் தோன்றத்தான் செய்தது. கம்பி கட்டிக்கொண்டு வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.