யார் கையிலும் இல்லாத பகடை

பகடை உருண்டது. அந்த நேரத்தில் யார் கையிலும் பகடை இல்லை.

அவன் வீட்டு மேஜையைச் சுற்றி மூன்று பேர். நண்பன் வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒட்டடைக்குச்சி என்று கல்லூரியிலேயே பெயர் வாங்கிய நெட்டையன் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். தங்கை போனை நோண்டிக்கொண்டிருந்தாள். சத்தம் வந்தது மகள் தூங்கும் உள்ளறையிலிருந்து: சிறிய, கெட்டியான ஏதோ ஒன்று தரையில் குதித்து, தடுமாறி, தன் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து நிற்கிற சத்தம். அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக்கு மேலே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்பதைக் காதை வைத்தே சொல்லிவிடுவான். அந்தக் காது பொய் சொல்லாது.

எழுந்துபோய்ப் பார்த்தான். மழை இருட்டில் அறை ஈரத்துணி வாடையோடு கிடந்தது. மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் அவளுடைய ஒற்றைச் செருப்பு. வேறு ஒன்றும் இல்லை. மனைவி ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிந்து வருகிறவரை பிள்ளை அவன் பொறுப்பு. போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பினான்.

"என்ன, உள்ள போய் பூதத்துக்கு டீ குடுத்துட்டு வந்தியா?" என்றான் வக்கீல்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஏற்கெனவே எரிச்சல் தலைக்கு மேல் இருந்தது. இந்த விளையாட்டில் கதை சொல்வது அவன் வேலை. மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரனாக நடப்பார்கள். எதிரி எங்கேயாவது பதுங்கியிருந்தால் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்வான். அதற்கு, அதாவது கண்ணும் காதும் எவ்வளவு கூர்மை என்று பார்ப்பதற்கு, அவர்கள் வைத்த பெயர் பர்செப்ஷன். பெரிய எண் விழுந்தவன் கண்ணுக்கு எதிரி படுவான். சின்ன எண் விழுந்தவனுக்கு எப்போதும் ஒரே பதில்தான்: "எல்லாம் அமைதியா இருக்கு."

அவ்வளவு எளிமையான விஷயம். ஆனால் இந்தக் கும்பலிடம் ஒரு பதுங்கல்கூட இதுவரை பலித்ததில்லை. "உருட்டுங்க" என்ற சொல் வாயிலிருந்து விழுவதற்குள் மூன்று வாளும் உறையை விட்டு வெளியே வந்துவிடும், பகடையில் இரண்டு விழுந்தாலும் சரி, மூன்று விழுந்தாலும் சரி. வெறுத்துப்போய் ஒரு அட்டை மறைப்பை நிறுத்தி, அதன் பின்னால் அவர்களுக்காகத் தானே உருட்டிப் பார்த்தான். சத்தம் கேட்டதும் உஷாராகிவிட்டார்கள். காரணமே இல்லாமல் உருட்டிக் குழப்பிப் பார்த்தான். அதற்கும் உஷார். வாரம் முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கதைக்காக வரைந்த பாழடைந்த சத்திரம் இன்றைக்கும் ஐந்தே நிமிஷத்தில் பாழ்.

மறுபடியும் உருண்டது.

இந்த முறை கதவுக்குக் கொஞ்சம் பக்கத்தில். உருண்டு, நின்று, அப்புறம் யாரோ குனிந்து அதைப் பொறுக்குவதுபோல் நகம் தரையில் கீறும் மெல்லிய ஒலி.

"கேட்டுச்சா?" என்றான்.

மூவரும் நிமிர்ந்தார்கள். மூவர் முகத்திலும் அதே உஷார் வந்தது.

"ஆரம்பிச்சுட்டான்யா," என்றான் ஒட்டடைக்குச்சி.

"டேய், இது கேம் இல்ல. நிஜமா கேக்கறேன். உள்ள ஏதோ உருளுது."

"நல்லா நடிக்கிற. இவ்வளவு நாள் இந்தத் திறமைய எங்கடா வச்சிருந்த?" வக்கீல் பகடையை எடுத்துக் குலுக்கினான். "சரி, பர்செப்ஷன் தானே?"

"உருட்டாத. சொல்றேன்ல."

உருட்டிவிட்டான். நான்கு. "எனக்கு ஒண்ணும் கேக்கல, யுவர் ஆனர்."

ஒட்டடைக்குச்சிக்கு இரண்டு. "நமக்கும் காது அவுட்."

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே மறுபடி உருண்டது. சத்தமாக. மேஜை மேல் இருந்த டீயே அதிர்ந்ததுபோல் அவனுக்குப் பட்டது. இரண்டு பேரும் இமைகூட அசைக்கவில்லை. நடிப்பில்லை அது. காது கேட்காத சுவர்களோடு இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

"அண்ணா, கோச்சுக்காத. நான் போடறேன்," என்றாள் தங்கை. சிரித்துக்கொண்டேதான் உருட்டினாள்.

பத்தொன்பது.

சிரிப்பு நின்றது. உதடு மட்டும் சிரித்தபடியே இருந்தது, அதை மூட மறந்துவிட்டவள்போல. தலையை மெதுவாக உள்ளறைப் பக்கம் திருப்பினாள்.

"என்ன தெரியுது?" என்றான்.

அவள் கண் கதவை விட்டு நகரவில்லை.

"சொல்லித் தொலையேன்."

போதும். விளையாட்டும் வேண்டாம், இவர்களும் வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாம். வெறியோடு எழுந்தான். முழங்கை பட்டு அட்டை மறைப்பு சரிந்தது. அதன் பின்னால் இருந்த அவனுடைய பகடை மேஜையில் ஓடி, விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து, காலடியில் நின்றது.

ஒன்று.

உள்ளறைச் சத்தம் அறுந்தது.

மழைச் சத்தம் மட்டும். ஃப்ரிட்ஜின் முனகல் மட்டும். எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் உள்ளே ஒன்றுமில்லை. அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. தோள்கள் தானாக இறங்கின. எல்லாம் அமைதியாக இருந்தது.

எல்லாம் அமைதியாக இருந்தது.

அந்த வாக்கியத்தை இத்தனை நாளாக யாருக்குச் சொல்லிவந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. மகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றாள். ஒரு காலில் செருப்பு. ஒரு கையால் கண்ணைக் கசக்கினாள். இன்னொரு கை தலைக்கு மேலே நீண்டிருந்தது, உயரமான ஒருவரின் விரலைப் பிடித்திருப்பதுபோல் மூடியிருந்தது.

"பாப்பா தூங்கி எழுந்தாச்சா," என்றான் வக்கீல், பிஸ்கட்டை நீட்டியபடி.

அவன் பார்த்தான். கண் வலிக்கப் பார்த்தான். மகள். கதவு. திரைச்சீலை. வெள்ளைச் சுவர்.

"அண்ணா," தங்கையின் குரல் காற்றாக வந்தது. "அசையாத."

"எங்க? எங்கன்னு சொல்லு."

அவள் பார்வை பிள்ளையின் மூடிய விரல்களில் தொடங்கியது. மேலே போனது. இன்னும் மேலே. கூரையைத் தொட்டு, அங்கிருந்து வளைந்து, அவன் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

"அப்பா," என்றாள் மகள், "உனக்கு இவங்க தெரியலையா?"

அவளுடைய குதிகால்கள் தரையை விட்டு மெல்ல எழும்பின. பிறகு கால்விரல்களும்.