மேல் வீட்டு ஐந்து ஸ்பீக்கர்கள்

தூக்கம் இமை வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அது தொடங்கியது.

‘உஷ்...’

முதலில் கூரையின் இடது மூலையில். பிறகு நடுவில் ஒரு ‘உஷ்...’ பிறகு வலது மூலையில். அங்கிருந்து கால்மாட்டுக்கு வந்து, ஒரு சுற்று முடித்து, மறுபடியும் இடது மூலை. மாடியில் யாரோ ஒரு ராட்சதன் உட்கார்ந்துகொண்டு, உதட்டில் விரல் வைத்து அவளையே அதட்டுவது போலிருந்தது.

போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் அவளுக்கு இரவு வேலை. விடிய விடியக் காதில் ஹெட்போன். அழுகிற குரல், பதறுகிற குரல், எங்கே நிற்கிறோம் என்றே சொல்லத் தெரியாமல் திணறுகிற குரல்... எல்லாரையும் நிதானப்படுத்தி, வண்டி அனுப்பிவிட்டு வீடு வந்து படுத்தால், இந்த வாரம் முழுக்க இதே கூத்து. மேல் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள், கொஞ்சம் பொறுத்துப் போ என்றாள் அம்மா. பொறுமையா... அந்தச் சரக்கு நேற்றோடு தீர்ந்துவிட்டது.

அவிழ்ந்த கூந்தலை முடியக்கூடத் தோன்றாமல் படியேறிப் போய்த் தட்டினாள். கதவு திறந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த முதல் வரி மறந்துபோனது...

கழுத்தில் மாலை மாதிரி வயர்ச் சுருள். பல்லுக்கிடையில் ஸ்க்ரூடிரைவர். நெற்றியெல்லாம் தூசி. இத்தனை குப்பைக்கும் நடுவே இரண்டு கண்கள்... மழைக்கு முந்தின வானம் போல, இப்போதோ பிறகோ என்று கனத்துக் கிடந்தன. சே, சண்டைக்கு வந்த இடத்தில் என்ன பார்வை இது... தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“உங்க வீட்ல என்னங்க நடக்குது? பாம்பு வளர்க்கறீங்களா?”

அவன் ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுத்தான். “ஸ்பீக்கர் டெஸ்ட்டுங்க.”

“ஒரு வாரமாவா? ராக்கெட் விடறவங்ககூட இவ்வளவு டெஸ்ட் பண்ண மாட்டாங்க.”

“டெஸ்ட் பண்ணா அஞ்சும் பேசுதுங்க. டிவிடியில படத்தைப் போட்டா முன்னாடி ரெண்டு மட்டும்தான் பேசுது, மத்ததெல்லாம் ஊமையாயிடுது. நான் என்ன செய்யட்டும்?”

“தூங்கறவங்களைத் தூங்க விடுங்க.”

“உச்சி வெயில்ல யாருங்க தூங்கறா?”

அவ்வளவுதான்... எரிகிற நெருப்பில் எண்ணெய். ஊர் தூங்கும்போது விழித்திருக்கிறவள் ஊர் விழித்திருக்கும்போது தூங்காமல் வேறென்ன செய்வாள் என்று பொரிந்து தள்ளினாள். அவன் முகத்தில் ஒரு கணம் வருத்தம் வந்ததைப் பார்த்தாள். ஆனால் ஒரு வாரமாக வயரோடு மல்லுக்கட்டினவனுக்கு நாக்கு அடங்கவில்லை. அப்படியானால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

பஞ்சா... சரி.

நேராகக் கீழே வந்து வீட்டுச் சொந்தக்காரருக்கு போன் போட்டாள். ‘கூடாது’ என்று சொல்லக் காரணம் கிடைத்தால் அந்த மனிதருக்கு அது விருந்து. மாடியில் ஸ்பீக்கர் சத்தம் கேட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று அன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்.

மாடி ஊமையானது. இனி அவள் கும்பகர்ணியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் மல்லாந்து படுத்துக் கூரையின் மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினால், அந்தக் கனத்த கண்கள்... ச்சீ, இது என்ன ரோதனை.

அம்மா இதற்குள் துப்புத் துலக்கி முடித்திருந்தாள். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராம். காலையும் மாலையும் வகுப்பு, நடுப்பகலில் வீடு. அப்பாவும் பிள்ளையும் மட்டும்தானாம். பொறுமையில் பூமாதேவியாம்... வண்டியை ஒரே சுவரில் திரும்பத் திரும்ப மோதின ஒரு அம்மாளைக்கூட ஒரு சொல் கடிந்து பேசினதில்லையாம்.

சுவரில் மோதினவளிடம் காட்டின பொறுமையில் கால்வாசியை என்னிடம் காட்டினால் குறைந்தா போவான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை. வேலை முடிந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. செருப்பு வார் வேறு அறுந்து தொலைந்தது. முழுக்க நனைந்து, காலை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தாள். படிக்கட்டில் ஒரு பெரியவர் சுவரைப் பிடித்தபடி, மழைச் சாரலுக்கு முகம் கொடுத்து நின்றிருந்தார்.

“யாரும்மா, கீழ் வீடா? செருப்பு ஒண்ணு மட்டும் தேயுதே, பிஞ்சு போச்சா?”

அவர் பார்வை அவள் தோளுக்கு மேலே எங்கேயோ நிலைத்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பெரியவருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். கீழ் வீட்டில் சத்தமே ஆகாத மகாராணி ஒருத்தி இருக்கிறாளாமே, அவளுக்கு நீ என்ன உறவு என்று விசாரித்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வாய் வரவில்லை.

“நான்தாங்கய்யா அந்த மகாராணி.”

அவர் அசரவில்லை. நல்லதாய்ப் போயிற்று, ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன் என்று தொடங்கிவிட்டார். வாழ்நாள் முழுக்க சினிமாப் பைத்தியம். பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது வெளிச்சம்கூட இல்லை. ஆனாலும் படத்தை விட முடியவில்லை. மகனோ கையில் இருந்ததைத் தேற்றி, பழைய சாமான் கடையில் அந்த ஸ்பீக்கர்களை வாங்கி வந்தானாம்.

“டிவில கேட்டா, கதாநாயகன், வில்லன், ரயிலு, நாயி... எல்லாரும் ஒரே டப்பாக்குள்ள நசுங்கிக் கிடக்கறாங்கம்மா. யாரு எந்தப் பக்கம் நிக்கறாங்கன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். மீதியை நானே பார்த்துக்குவேன்.”

ராத்திரி முழுக்க அவள் செய்வதும் அதுதானே... பதறுகிற குரலுக்குப் பின்னால் கேட்கிற ஹாரனையும், தண்ணீர் ஓடும் சத்தத்தையும் வைத்து, ஒரு முகமறியாத மனிதர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பது.

துண்டால் தலையைத் துவட்டியபடியே வீட்டுச் சொந்தக்காரருக்கு போன் போட்டுப் புகாரைத் திரும்ப வாங்கினாள். விளையாடுகிறாயா என்று அவர் விட்ட டோஸை முழுசாக வாங்கிக்கொண்டாள். வேறு புடவைக்கு மாறி, வேறு செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனபோது, மழையால் காலை வகுப்பு இல்லாத மாஸ்டர் ஸ்பீக்கர்களை அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுக்கப் போகிறானாம்.

புகார் இப்போது இல்லை, நீங்கள் தாராளமாகப் போட்டுக் கேட்கலாம் என்றாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்தவர் தூக்கத்தைக் கெடுத்து எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்றான். தான் செய்தது தப்பு என்றாள். பரவாயில்லை என்றான். அவள் எவ்வளவு இறங்கி வந்தாளோ, டேப் அவ்வளவு நீளமாகக் கிழிந்தது. பூமாதேவியா இவன், கருங்கல்...

“அவதான் இவ்வளவு சொல்றாளேடா, பிரி அந்தப் பெட்டியை” என்றார் நாற்காலியிலிருந்து அப்பா.

டேப் பிடித்த கை நின்றது. அவன் எழுந்து அவளருகே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“பிரிச்சு என்னங்க பண்றது? எனக்குத் தெரியலை. இருக்கற வயரையெல்லாம் மாத்தி மாத்தி சொருகிப் பார்த்துட்டேன். நீங்க புகார் கொடுத்ததும், உண்மையைச் சொன்னா... நிம்மதியா இருந்துச்சு. கீழ் வீட்ல ஆகாதுன்னுட்டாங்க, நான் என்ன செய்யன்னு அப்பாகிட்ட சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன்.”

பெரியவர் பேசினதிலிருந்து குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருந்தவள் அவள். இவனா...

“ஆக, பழியை என் தலையில போட்டுட்டு நீங்க நல்ல பிள்ளையாயிட்டீங்க?”

“ஆமாங்க” என்று தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த ‘ஆமாங்க’வில் ஒரு சால்ஜாப்பும் இல்லை. அவளுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் வந்த கோபத்துக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை...

“பெட்டியைப் பிரிங்க” என்றாள்.

ஐந்து ஸ்பீக்கர்களும் பழைய இடத்துக்குப் போனதும் மூவருமாக உட்கார்ந்தார்கள். பெரியவர் டிவிடி பிளேயரை மடியில் வாங்கிக்கொண்டார். இந்தக் கடன்காரப் பெட்டிதான் காரணம் என்று திட்டிக்கொண்டே அதன் முதுகை விரலால் தடவினார். சிவப்பு வயரும் வெள்ளை வயரும் ஐந்து ஸ்பீக்கரும் சேருகிற ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகின்றன, மஞ்சள் வயர் டிவிக்குப் போகிறது என்று மகன் ஒப்பித்தான்.

“இது என்னடா ஒத்தை ஓட்டை? ஜோடியில்லாம ஓரமா இருக்கு?”

அதற்கென்று தனி டிஜிட்டல் வயர் வேண்டுமாம். கடைக்காரர் சொன்ன விலையில் இன்னொரு பிளேயரே வாங்கிவிடலாம் என்பதால் அதை மறந்துவிட்டானாம். அவள் குனிந்து பார்த்தாள். ஸ்பீக்கர் பெட்டியின் முதுகிலும் அதே போல ஒரு ஒத்தை ஓட்டை. மற்ற ஓட்டைகளின் அதே அளவு. உபரியாகக் கிடந்த ஒரு மஞ்சள் வயரை எடுத்தாள்.

“இது நுழையுமா?”

“அது படத்துக்கான வயருங்க.”

“நுழையுமான்னுதான் கேட்டேன்.”

நுழைந்தது. இந்த முனையிலும், அந்த முனையிலும். படத்தைப் போட்டார்கள். பழையபடி முன்னால் இரண்டு மட்டும்தான் பேசின. அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். நான்தான் அப்போதே சொன்னேனே என்று அவன் வாயெடுப்பதற்குள் ரிமோட்டைப் பிடுங்கினாள். பிளேயரின் உள்ளமைப்பு மெனுவைத் திறந்து, ஆடியோ என்றிருந்த பக்கத்தைத் துருவினாள். அதையெல்லாம் தொடாதீர்கள் என்றான். தொட்டாகிவிட்டது என்றாள். டிஜிட்டல் என்று போட்டிருந்த வரியில் இரண்டே வழி இருந்தது. இது வரைக்கும் பிளேயர் ஐந்து பேரின் பேச்சையும் இரண்டாகக் கலக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. இன்னொன்று, கலக்காமல் அப்படியே அனுப்புவது. அதை அழுத்தினாள்.

அறைக்குள் ஏதோ திறந்துகொண்டது போலிருந்தது.

திரையில் ஒருத்தி சன்னலோரம் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், காட்சியில் இல்லாத ஒரு கதவு, ‘கிரீச்’... பெரியவர் சட்டென்று தலையைத் திருப்பினார். கையை உயர்த்தி இருவரையும் அடக்கினார்.

“பின்னாடி யாரோ வர்றாங்க... ஆம்பளை. நொண்டுறான்... இதோ, என்னைத் தாண்டிப் போறான்...”

இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்துக்கு அவர் முகம் மெதுவாகத் திரும்பியது. அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மகன் வயரைச் சரிசெய்கிற பாவனையில் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் எதையும் சரிசெய்யாமல் இருந்தான்.

அவள் சொல்லிக்கொண்டு கிளம்பியபோது அவனும் படி வரைக்கும் வந்தான். வெளியே மழை விட்டபாடில்லை. சாரல் படிகளில் தெறித்துக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு எப்ப லீவு?”

“வியாழக்கிழமை.”

“அன்னைக்கு... இன்னொரு படம் போடலாம்னு. நீங்களும் வந்தா...”

“படம் பார்க்கவா கூப்பிடறீங்க?”

அவன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். “இல்லைங்க... கூப்பிடறதுக்குத்தான் படம்.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றுபோனான். அவள் காத்திருந்தாள். அவனோ, பின்னால் இருக்கிற ஸ்பீக்கருக்கு வயர் கொஞ்சம் நீளம் போதாது, அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தால்... என்று தொடங்கினான். அவளுக்குத் தாங்கவில்லை.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கதவைத் திறந்தப்பவே பிடிச்சுது. அந்த எரிச்சல்லதான் அவ்வளவு கத்தினேன். நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு டியூட்டிக்கு நேரமாயிடும், அதான் நானே சொல்லிட்டேன்.”

அவன் நனைந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“திட்டற மாதிரியே சொல்றீங்களே.”

“எனக்கு இப்படித்தான் வரும்.”

“வரட்டுங்க” என்றான் மெல்ல. “காலம் பூரா கேட்டுக்கிட்டே இருக்கணும்னுதான் எனக்கும் இருக்கு.”

அவள் முகமெல்லாம் சூடாகிப் போனது. படி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தெரிந்தேதான், புடவையைக்கூட ஒதுக்கிக்கொள்ளாமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.