போகச் சொன்ன இடம்

தண்ணீர்தான் முதலில் குறைந்தது. மலேசியாவின் கிள்ளான் நகரில் மூன்று நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று சொல்லியிருந்ததால், ரமணி காலையிலேயே நீல டிரம் இரண்டையும் விளிம்புவரை நிரப்பி மூடி வைத்திருந்தாள். பகல் இரண்டு மணிக்கு வேலையிலிருந்து வந்த அவள் கணவன் திருச்செல்வம் கை கழுவப் போனபோது, இரண்டிலும் அடி தெரிந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மூடிகள் பதவிசாகச் சுவரோரம் சாய்ந்திருந்தன.

"ரமணி, தண்ணிய என்ன பண்ணின?"

"நான் தொடவே இல்லங்க. பாப்பா இப்பத்தான் கண்ண மூடுது, கத்தாதீங்க." மாடியிலிருந்து குரல் வந்தது.

புகைமூட்டத்தில் குழந்தைக்கு இழுப்பு கண்டிருந்தது. எட்டு மாதக் குழந்தை. கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகிக்கொண்டு தாயும் பிள்ளையும் நான்கு நாளாக மாடி அறையிலேயே அடைந்து கிடந்தார்கள். அந்தப் புகையில் பாதி திருச்செல்வம் போட்டது. காட்டை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நடுவதற்கு நிலம் சுத்தம் செய்யும் குத்தகைக்காரரிடம் அவன் மண்டோர். ஆட்களையும் இயந்திரங்களையும் மேய்ப்பவன்.

கூடத்தில் வந்து உட்கார்ந்தான். சன்னலில் சூரியன் ஆறிய தேநீர் நிறத்தில் தொங்கியது. புகை நாற்றத்துக்கும் அடியிலிருந்து இன்னொரு வாடை மெல்ல எழுந்து, ஈர இலையும் அழுகிய அத்திப்பழமும் கருகிய மயிருமாக அவன் தொண்டையில் வந்து படிந்தது. காற்றாடியின் முனகலுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோலவும், கொஞ்ச நேரம் கவனித்தால் அது ஒரு மூச்சில்லை, பெரிதும் சிறிதுமாகப் பல மூச்சுகள் என்பதுபோலவும் கேட்டது.

கதை கேட்கும் பிள்ளைகளா, மரம் வெட்டுமுன் நம்மவர்கள் செய்வது உங்களுக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, சூடம் கொளுத்தி, அங்கே குடியிருப்பவர்களை வேறிடம் போகச் சொல்லிக் கும்பிட்டு, மூன்று நாள் பொறுப்பார்கள். போன செவ்வாய்க்கிழமை காட்டோரத்தில் அதைச் செய்தே ஆகவேண்டும் என்று நின்றவர் இயந்திரம் ஓட்டும் பக்கிரிசாமி.

"எடத்து பேரு சொல்லணும் தம்பி. சும்மா போ போன்னா எங்க போகும்?"

திருச்செல்வம் சுற்றிலும் பார்த்தான். வலப்பக்கம் செம்பனை. இடப்பக்கம் செம்பனை. பின்னால் தகர வேலிக்குள் புது அடுக்குமாடி. முன்னால் நெடுஞ்சாலை. அதற்கப்பால் இருந்த குன்றையும் கல்லுக்காக உடைத்துத் தின்றாகிவிட்டது. சொல்வதற்கு ஓர் இடமும் மிச்சமில்லை. இந்தக் காட்டில் குறிப்பிடும்படியான விலங்கு ஏதும் இல்லை என்று கம்பெனி காகிதத்தில் எழுதி முத்திரை வைத்திருந்தது. எழுதியவர் காரைவிட்டு இறங்கவேயில்லை. அவர் எழுதிய நேரத்திலும் மரத்து உச்சிகளில் கருங்குரங்குகள் குடும்பம் குடும்பமாகக் கூவிக்கொண்டுதான் இருந்தன.

"எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க லா. கிள்ளான், பதினெட்டாம் நம்பர்." சூடத்தின் முன்னால் கைகூப்பியபடியே சொன்னான். ஆட்கள் சிரித்தார்கள்.

மூன்று நாள் என்ன, மூன்று மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. இயந்திரம் போய் முட்டியதும், கிளைகளில் இருந்தவை கீழே இறங்காமல் உச்சிக்கே ஏறின. பக்கிரிசாமி என்ஜினை அணைத்தார்.

"இத நான் தள்ள மாட்டேன். நீயே தள்ளிக்க." சாவியை அவன் கையில் வைத்துவிட்டு நடந்தார்.

அவனே ஏறித் தள்ளினான். விழுந்ததை எல்லாம் குவித்து, அசைந்ததையும் சேர்த்துக் கொளுத்தினான். வீட்டுக்கு வா என்று கும்பிட்டு அழைத்த அதே கையால், பிள்ளைகளா. அந்தக் கை வெந்து போகவில்லை. அன்றிரவு அதே கையால் சோறு பிசைந்து தின்றான்.

இப்போது எதிர் சோபாவின் மெத்தை மெல்ல அமுங்கியது. விளக்கைப் போட்டான். சுவரில் கரி. கை அச்சுகள். மனிதக் கையைவிட நீண்ட விரல்கள். தரையிலிருந்து சுவர், சுவரிலிருந்து மாடிப்படி. எல்லாம் மேல்நோக்கி.

மேலே குழந்தை.

எழுந்து ஓடப் பார்த்தான். கெண்டைக்காலில் எதுவோ உரசியது. சூடான, மயிர் பொசுங்கிய தோல். கூடம் நிறைய அவை நின்றிருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை, உடம்புக்குத் தெரிந்தது. ஒன்றும் அவனைக் கடிக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டன. விருந்தாளிகள் வீட்டுக்காரனுக்கு ஒதுங்குவதுபோல.

முதல் படி. நான்காம் படி. காலடியில் சாம்பல்.

கதவிடுக்குத் துண்டு உறிஞ்சி எடுத்ததுபோல் உலர்ந்து கிடந்தது.

உள்ளே ரமணி சுவரில் சாய்ந்து உறங்கினாள். இழுப்புச் சத்தம் இல்லை. நான்கு நாளில் முதன்முறையாகக் குழந்தையின் மூச்சு சீராக வந்தது.

கட்டிலில் அது உட்கார்ந்திருந்தது. மலாய்க்காரர்கள் சியாமாங் என்று சொல்லும் கைநீண்ட கருங்குரங்கு. ஒரு பக்கம் முழுக்க வெந்த சதை. அதன் மடியில் அவன் மகள்.

கையை நீட்டினான். அது எதிர்க்கவில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்துக் கொடுத்தது.

இழுத்தான். குழந்தை வரவில்லை.

ஐந்து சின்ன விரல்கள் கருகிய ரோமத்தை இறுகப் பற்றியிருந்தன. ஒன்றைப் பிரித்தான். அது திரும்பவும் மூடிக்கொண்டது.

குழந்தை கண்ணைத் திறந்தது. அவனைப் பார்த்தது. வேற்று முகத்தைக் கண்டதுபோல் வீறிட்டு, அந்த வெந்த மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நீண்ட கரிய கைகள் மெதுவாக மூடிக்கொண்டன.