கல்லீரலுக்கு மேலே ஒரு இடுக்கு

வயிற்றைத் திறந்ததும் சீழ் பொங்கி வந்தது, நாற்றம்தான் வரவில்லை. குடல் ஓட்டையாகி உள்ளே அழுக்கு பரவிய வயிறு என்றால், முகக்கவசத்தையும் மீறி மூக்கைத் துளைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். எத்தனையோ வயிறுகளைத் திறந்த அறுவை மருத்துவர் அவள். இன்று கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை முகர்ந்தது போல் ஒன்றுமே இல்லை.

மேசையில் கிடந்தவன் ஒரு வெல்டர். வாயுத்தொல்லை என்று மாத்திரையோடு காலம் தள்ளியவன். மதியம் தூக்கி வந்தபோது வயிறு பலகையாய் இறுகியிருந்தது. ரத்த அழுத்தம் பாதாளத்தில் கிடந்தது. ஆன்டிபயாடிக்கும் சலைனும் ஏற்றி, உடனே தியேட்டருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வாசலில் அவன் அக்கா வழிமறித்தாள்.

"எனக்குன்னு அவன் ஒருத்தன்தான் டாக்டரம்மா."

குடலை முழம் முழமாக எடுத்துப் பார்த்து, பட்டாணி அளவு ஓட்டையைக் கண்டுபிடித்துத் தைத்தாள். வெதுவெதுப்பான சலைன் விட்டுக் கழுவக் கழுவ, கலங்கல் தெளிந்தது. தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டர் கேலிக்காரப் பெரியவர். சீக்கிரம் மூடாவிட்டால் இவனே எழுந்து வயிற்றைப் பற்றவைத்துக்கொள்வான் என்றார். உதவி டாக்டர் சிரித்தான்.

கல்லீரலுக்கு மேலே, மூச்சுத் தசைக்கு அடியில், சீழ் பதுங்கிக்கொள்ளும் இடுக்கு ஒன்று உண்டு. அங்கே கண் எட்டாது. கைதான் போக வேண்டும். நுழைத்தாள். சில்லென்றிருந்தது. உயிருள்ள உடம்பின் அடியாழத்தில், கிணற்றுக்குள் இருப்பது போன்ற குளிர். சலைன் ஆறிவிட்டதா என்று கருவித் தட்டருகே நின்ற நர்ஸ் சிஸ்டரைக் கேட்டாள். சூடாகத்தான் இருக்கிறது என்றார் சிஸ்டர்.

இன்னும் கொஞ்சம் உள்ளே. விரல் நுனியில் ஏதோ பட்டது. கெட்டிப்பட்ட சீழாக இருக்கும் என்று நினைத்தாள். அது விலகியது. பிறகு மெல்லத் திரும்பி வந்து, அவள் விரல்களுக்கிடையே தன் விரல்களைக் கோத்துக்கொண்டது.

உதவி டாக்டரைப் பார்த்தாள். வயிற்றை விரித்துப் பிடிக்கும் கொக்கியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தான். சிஸ்டரின் கைகள் தட்டின் மேல். வெல்டரின் கைகள் பக்கவாட்டில், பட்டையால் கட்டப்பட்டு.

வெடுக்கென்று உருவிக்கொண்டாள். மானிட்டர் அலறியது.

"பிரஷர் போகுது." பெரியவரின் குரலில் கேலி இல்லை. மருந்து ஏற்றினார். இன்னும் ஏற்றினார். எண்கள் சரிந்துகொண்டே இருந்தன. வயிற்றுக்குள் ஒரு சொட்டு ரத்தக் கசிவும் இல்லை.

வாசலில் நிற்பவள் நினைவுக்கு வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கையை மறுபடி உள்ளே விட்டாள்.

அது காத்திருந்தது. பற்றிக்கொண்டது. அலறல் நின்றது.

"ஏறுது," என்றார் பெரியவர். "என்ன செஞ்சியோ தெரியலம்மா. அப்படியே இரு. கைய எடுத்துடாத."

கையை அப்படியே வைத்திருந்தாள். மானிட்டர் சீராகத் துடித்தது.

உள்ளே ஒரு விரல் நகர்ந்தது. அவள் மணிக்கட்டைத் தடவியது. கையுறையின் விளிம்பைத் தேடிப் பிடித்தது.

மெதுவாக உரிக்கத் தொடங்கியது.

ரப்பர் சுருண்டு இறங்கியது. புறங்கை. உள்ளங்கை. கடைசியில் விரல்கள். தோலில் நேரடியாகக் குளிர்.

அவள் கை இன்னும் உள்ளேயே இருந்தது. தெளிந்த நீருக்கு மேல் அவளுடைய கையுறை எழுந்து வந்தது, ஐந்து விரல்களும் நிரம்பி, வயிற்றின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டு.