நூலகக் காவலரின் குரல்

காலை 6.40. நகைப்பெட்டி அலமாரியில்தான் இருந்தது. உள்ளே சங்கிலி இல்லை. அவள் பெட்டியை மூடி வைத்தாள். அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மனசு மரத்துப்போய்க் கிடந்தது.

7.30. பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். அலமாரிப் பூட்டு உடையவில்லை. சாவி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவள், அவள் கணவர், அவள் தம்பி. தம்பி ஒரு திருட்டு வழக்கில் ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். யார் மேல் சந்தேகம் என்று கேட்டதும், அவள் கூசாமல் அவனைக் கை காட்டிவிட்டாள். கூட வந்த கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்துவிட்டார்.

கணவர் நூலகத்தில் இரவுக் காவலர். பத்து வருடம் புத்தகங்களைக் காத்ததில் வீட்டிலும் அவர் பேச்சு கிசுகிசுப்புதான். "இங்க யாரு படிக்கிறாங்கன்னு இப்படிப் பேசறீங்க?" என்று அவள் கேலி செய்வாள். மனுஷனுக்கு வேலையும் பிடிக்கவில்லை, வீடும் பிடிக்கவில்லை. இன்றைக்கோ, மச்சானை வீட்டில் சேர்த்ததே தப்பு என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"திருட்டு போனது எப்படித் தெரிஞ்சுது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எப்பவும் கிசுகிசுன்னு பேசற இவர், வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறன்னு கத்தினார். குழந்தை முழிச்சுக்கிச்சு. அதுக்கு அலமாரியில துணி எடுக்கப் போனேன்."

"கத்தினாரா? சங்கிலி போனது அப்பவே அவருக்குத் தெரியுமா?"

"எனக்கே தெரியாதே."

இன்ஸ்பெக்டர் மெல்ல நடந்து கணவருக்குப் பின்னால் போய் நின்றார். தணிந்த குரலில், "சங்கிலி கிடைச்சிடுச்சு," என்றார்.

அவள் திரும்பினாள். தம்பி திரும்பினான். கணவர் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அவர் முன்னால் வந்து உரக்கச் சொன்னார். "சங்கிலி கிடைச்சதா இப்ப சும்மா சொன்னேன், உங்களுக்குக் கேட்கவே இல்ல. நீங்க கத்தினது கோபத்துல இல்ல. காது அடைச்சிருந்தா நம்ம சத்தம் நமக்கே தெரியாது. விடிய விடிய நூலகத்துல உட்கார்ந்தா காது அடைக்குமா? ராத்திரி பாட்டு அலறுற எந்த கிளப்ல இருந்தீங்க?"

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மூன்று மாதமாகப் போகிறாராம். ஆட்டம், பாட்டு, பின்னறையில் சீட்டு. நேற்று சாயங்காலம் கிளம்பும்போதே சங்கிலி அவர் பையில் இருந்ததாம்.

"அங்க போனாத்தான் உயிரோட இருக்கற மாதிரி இருந்துச்சு. ஒரு சுத்துல ஜெயிச்சு, விடியறதுக்குள்ள திருப்பி வச்சிடலாம்னு நினைச்சேன். அதுவும் போயிடுச்சு," என்றார்.

மூன்று மாதம். அதைக் கேட்டும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கதை போலத்தான் இருந்தது.

கான்ஸ்டபிள் கையை எடுத்தார். தம்பி உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தான்.

"அக்கா, நிஜமாவே நான்தான்னு நினைச்சியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் வரவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.